மாத மடலில் ஒரு பெயர்

"ஏட்டி கீர்த்தி, இந்த மாசமும் அந்த ஜானு பேருதானா?"

மந்தைவெளி வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போகும் வழியிலேயே ஜெயபாரதி மூன்றாவது முறையாக அந்தத் தாளை விரித்தாள். மாதம் ஒருமுறை பள்ளியிலிருந்து பெற்றோருக்கு வரும் மடல் அது. ஒரு பக்கம் செய்திகள். மறுபக்கம் நினைவூட்டல்கள்: நகம் வெட்டி அனுப்பவும், பன்னிரண்டாம் தேதி மஞ்சள் உடை, சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

செய்திப் பக்கத்தின் அடியில் 'நல்ல நண்பர்' என்று ஒரு கட்டம். மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஜூலையில் ஜானு. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரிலும் ஜானு. இதோ, நவம்பரிலும் ஜானு. கீழே விழுந்தவளைத் தூக்கிவிட்டாளாம். சோறு கொண்டுவராதவனுக்குப் பாதி இட்லி கொடுத்தாளாம்.

கீர்த்தியின் பெயரும் வராமல் இல்லை. மறுபக்கத்தில் வந்திருந்தது, 'நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள்' என்ற தலைப்பில்.

"நீ என்னதான் செய்யுத கிளாஸ்ல? ஒனக்கு ஒரு நல்ல காரியம் செய்யத் தெரியாதா?"

கீர்த்தி தன் ஷூவைப் பார்த்தபடி நடந்தாள். "ஜானு ரொம்ப நல்லவம்மா."

"அப்ப நீ கெட்டவளா?"

கீர்த்தி பையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் கணவர் சுயம்புலிங்கத்திடம் காலையிலேயே புலம்பிப் பார்த்துவிட்டாள். "ஒரு துண்டுத் தாளுக்குப் போய் மூக்கைச் சிந்துதியே" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அவருக்கென்ன தெரியும்? அதே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவர்கள் அபார்ட்மென்ட்டில் மூன்று வீடுகளில் இருந்தார்கள். மடல் வந்த அன்று லிஃப்ட்டில் ஏறினால் போதும், "உங்க கீர்த்தி பேர் இன்னும் வரலையா?" என்ற கேள்வி தயாராக நிற்கும்.

பள்ளி வாசலில் வயிற்றெரிச்சல் நேரிலேயே நின்றுகொண்டிருந்தது. ஜானுவின் அம்மா அன்புக்கரசி. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு, மடலை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, இத்தைப் பார்த்தியா? ஜானு பேரு மறுபடியும் வந்துகீது! ஆஸ்பத்திரில டாக்டரம்மா வரைக்கும் காட்டிட்டேன்க்கா. வூட்டாண்ட ஒருத்தரையும் வுடல, எல்லாருக்கும் காட்டிக்கினு கீறேன்."

"சந்தோஷம்" என்றாள் ஜெயபாரதி.

ஜானு ஓடிவந்து கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடின. 'அவ கையை விடுட்டி' என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஜெயபாரதிக்கு. அடக்கிக்கொண்டு நேராக வகுப்பாசிரியை விசாலாக்ஷியின் முன்னால் போய் நின்றாள்.

"மிஸ், வெளிப்படையாவே கேக்கேன். அந்த ஜானு மேல உங்களுக்கு அப்படி என்ன பிரியம்? வகுப்புல முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்கு. அஞ்சு மாசமா ஒரே பேரு. எம் மக மனசு ஒடஞ்சு போறா."

"கீர்த்தி அப்படிச் சொன்னாளா?"

"அவ சொல்ல மாட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா? ஹெச்.எம்.முக்குப் புகார் எழுதிக் கொண்டாந்திருக்கேன். ஒண்ணு, அந்தக் கட்டத்தையே எடுத்துருங்க. இல்ல, அந்தப் பிள்ளைய வேற செக்‌ஷனுக்கு மாத்துங்க. அது பக்கத்துல உக்காந்துதான் எம் மக மங்கிப் போறா."

விசாலாக்ஷி புகாரைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். மேஜையிலிருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினார்.

"அந்தப் பேரை நான் தேர்ந்தெடுக்கறதில்லைங்க. யார் என்ன நல்லது செஞ்சாங்கன்னு பசங்களே சீட்டு எழுதி இதுல போடுவாங்க. அதிகச் சீட்டு யாருக்கு வருதோ, அவங்க பேர் மடல்ல வரும். விசாரிச்சுட்டுத்தான் போடறேன். எல்லாமே நிஜமா நடந்ததுதான்."

ஜெயபாரதிக்கு மனசு குளிர்ந்துபோனது. "அப்படிச் சொல்லுங்க! அந்தப் பிள்ளை தன் பேரைத் தானே எழுதிப் போட்டுக்கிடுது. இத்தனை நாளா நீங்களும் ஏமாந்திருக்கீங்க!"

விசாலாக்ஷி பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார். ஜெயபாரதி ஆவலோடு ஒரு சீட்டை எடுத்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு அவசர அவசரமாக எல்லாவற்றையும் பிரித்தாள். பெரும்பாலானதில் ஜானுவின் பெயர், தினமும் சாயங்காலம் அவள் தலையில் குட்டித் திருத்துகிற அதே கோணல் எழுத்தில்.

"இருபத்துமூணு சீட்டு. அதுல இருபது உங்க கீர்த்தி எழுதினது" என்றார் விசாலாக்ஷி. "'ஒருத்தி பேரையே எழுதினா எப்படிடா, உன் பேர் வர வேணாமா?'ன்னு நேத்து கேட்டேன். பதிலை எழுதி என் டைரிக்குள்ள வெச்சுட்டு ஓடிட்டா."

நான்காய் மடித்திருந்த தாளை அவர் நீட்டினார்.

'மிஸ், ஆத்தங்கரைல ஜானு வீட்டை இடிச்சிட்டாங்க. இப்போ ரொம்ப தூரம், பெரும்பாக்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி வரா. மடல்ல பேர் வர்றதாலதான் அவ அப்பா இந்த ஸ்கூலை விட்டு நிறுத்தாம இருக்காராம். என் பேர் வந்தா எங்கம்மா மட்டும் சந்தோஷப்படுவாங்க. ஜானு பேர் வந்தாதான் ஜானு வருவா.'