போன் விரதம்

"பெட்டிச் சாவியைக் குடுங்க. ஒரே நிமிஷம் பேசிட்டு வச்சிடறேன்."

"மூச்! கிளம்பும்போது என்ன பேசினோம்? மலையை விட்டு இறங்கற வரைக்கும் போன் விரதம்."

கணவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். கார் திணறிக்கொண்டு அடுத்த கணவாய்க்கு ஏறியது. கூரையில் கூடாரம், டிக்கியில் அடுப்பு, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. அதற்குள் வீட்டு போன்கள் அத்தனையும். எல்லோரும் பார்க்கத் தன்னுடையதைத்தான் முதலில் போட்டான், தியாகி.

சாவி கேட்டவள் அவன் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ். கிளம்பிய அன்று காலை தங்கை அனுப்பிய சேதி: 'வலி வந்துடுச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.' அதோடு பெட்டி மூடிக்கொண்டது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. பிரசவ வார்டு வாசலுக்கு ஓடி வந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் நல்ல சேதி சொல்கிறவள் அவள். தன் வீட்டுச் சேதிக்குத்தான் வழியில்லை.

"அவளுக்கு என்ன ஆச்சோன்னு..."

"உலகத்துல உன் தங்கச்சிதான் முதல் முதலா புள்ள பெத்துக்கறாளா? வெளியே பாரு. மலை பேசும், காது குடுத்துக் கேளு. அந்தப் பாழாப்போன போன்ல என்ன இருக்கு?"

உச்சியில் வண்டியை நிறுத்தினான்.

"நான் தியானம் பண்ணிட்டு வரேன். யாரும் பின்னால வராதீங்க."

பாறை மேல் ஏறிப் போய்விட்டான். ஒவ்வொரு உச்சியிலும் இதே கூத்துதான். முளை அறைவது, கூடாரம் கட்டுவது, அடுப்பு மூட்டுவது எல்லாம் அவள் பாடு.

தண்ணீர்க் குடத்தோடு வந்த மகள் கிசுகிசுத்தாள். "அம்மா, அப்பா நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. தலையைக் குனிஞ்சு, ரெண்டு கையையும் மூஞ்சிக்கு நேரா சேர்த்து வச்சுக்கிட்டு... தனியா சிரிக்கிறாரும்மா!"

"ஞானம் வருது போல. விடு."

ஞானம் வந்தவன் இறங்கி வந்து தட்டை நீட்டினான்.

அவள் பரிமாறவில்லை. கரண்டியும் கையுமாக நின்றவள் உடைந்துவிட்டாள். "ரெண்டு தடவை போச்சுங்க. இதுவும் போச்சுன்னா அவ தாங்க மாட்டா."

அம்மா அழுவதைப் பார்த்து மகளும் ஆரம்பித்தாள்.

"சே! மனுஷனைச் சோறு திங்க விடறீங்களா?" அவன் எரிந்து விழுந்தான். "எதுக்கு இப்ப ஒப்பாரி? மூணே கால் கிலோப் புள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது?"

அழுகை சட்டென்று நின்றது.

மூணே கால் கிலோ. நல்ல எடை. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை நிதானமாகக் கீழே வைத்தாள். பாறையை ஒரு முறை பார்த்தாள்.

"ஏங்க, எடையையும் மலைதான் சொல்லுச்சா?"