மூக்குத்தி எந்தப் பக்கம்

டேப்லெட் வாங்கப் போன அன்று என் மனைவி கோமளா, "பெரிய ஸ்டோரேஜாவே எடுங்க. போட்டோவெல்லாம் நம்ம கையிலயே இருக்கட்டும்" என்றாள். "அதான் கிளவுட் இருக்கே" என்று சிறியதையே எடுத்தேன்.

இப்போதெல்லாம் கிளவுட் படங்களைச் சேமித்து வைப்பதில்லை. குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும்போது புதிதாக வரைந்து தருகிறது. கோமளா போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கள் அறுபதாம் கல்யாணப் படத்தில் நேற்று அவளுக்கு வலப்பக்கம் மூக்குத்தி இருந்தது. இன்று அதே படத்தில் இடப்பக்கம். முப்பத்தைந்து வருடம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். எது சரி என்று எனக்கே தெரியவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன்.

"மது, அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்மா?"



"இருங்கப்பா, கிளவுட்ல பாத்துச் சொல்றேன்."