இரண்டாம் பரிவட்டம்

மைக் கைக்கு வந்ததும் பாஞ்சாலை கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடத் திருவிழா. மாரியம்மன் கோவில் பந்தலில் தேயிலைத் தோட்டமே கூடியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் துரை, தலையில் முதல் பரிவட்டத்தோடு. பூசாரி பட்டுத்துணியைக் கோணலாகக் கட்டிவிட்டதில் அவர் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தார்.

தட்டில் இன்னொரு பட்டு மீதி இருந்தது. இரண்டாம் பரிவட்டம், ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்கு. அது இந்தத் தோட்டத்து வழக்கம். பழைய கங்காணி வேலையை விட்டுப் போய்விட்டார், புதியவர் யார் என்று துரை இன்னும் சொல்லவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயனில் ஆளுக்கொரு பேரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பென்றால் இத்தனை பேரைப் பார்த்ததுமே பாஞ்சாலை மைக்கை அடுத்தவர் கையில் திணித்துவிட்டு ஓடியிருப்பாள். கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் சேர்ந்த புதிதில் எழுந்து நின்றால் பேச்சே வராது. வாயில் கொழுக்கட்டையா என்று கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். அறைக்கு வந்து தலையணையில் முகம் புதைத்துக்கொள்வாள்.

அறைத்தோழி ருக்குமணிதான் வழி சொன்னாள். உனக்குப் பிடித்த ஒருத்தரைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள், மற்ற யாரையும் பார்க்காதே, அவரிடம் மட்டும் பேசு.

பாஞ்சாலை ஒரு முகத்தைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். அதனிடம் பேசிப் பேசியே மேடை ஏறினாள். போன மாதம் பேச்சுப் போட்டியில் கோப்பைகூட வாங்கினாள். யார் முகம் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எவனோ ஒருத்தன் அகப்பட்டுவிட்டான் என்று ருக்குமணி தானாகவே முடிவு கட்டிக்கொண்டு கேலி செய்தாள்.

இன்று அந்த முகம் நிஜமாகவே இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்க வேண்டும். கண்ணில் படவில்லை. சரி, பிறகு தெரியட்டும் என்று ஆரம்பித்தாள்.

விஷயம் ஒன்றுதான். லயன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் வருகிற ஓடையில், மேல்பக்கத்தில்தான் தேயிலைக்கு மருந்து அடிக்கிற பம்புகளைக் கழுவுகிறார்கள். பிள்ளைகள் மாற்றி மாற்றி நோயில் படுக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டும். லயனில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் இல்லை.

அந்த மணியை அவளைக் கட்டச் சொன்னதே அப்பா மாடசாமிதான். இருபது வருடமாக முதுகில் மருந்துப் பம்பு சுமந்து, அதே ஓடையில் கழுவிக் கவிழ்ப்பவர். அவரைவிட வேறு சாட்சி எதற்கு?

"நீ பேசு ஆயி. தொரைகிட்ட நிக்க படிச்ச வாய்தான்லா வேணும். நாங்க அத்தன பேரும் ஒன் பின்னால நிக்கிறோம்."

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து, பேச்சை முழுக்கச் சொல்லிக் காட்டச் சொன்னார். முடித்ததும் இன்னொரு தடவை என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது குரல் நடுங்காமல் வந்தது. நேற்றுச் சொன்ன வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனாள். ஒரே ஓர் இடத்தில்தான் நின்றாள். அடுத்த லயன் வேலம்மாவின் பிள்ளை வாந்தியெடுத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்ல வாயெடுத்தவள், எதிரே வேலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பாவம், ஊர் நடுவில் அவளை அழவைக்க வேண்டாம். அந்தக் கதையை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

முடித்ததும் கொழுந்து பறிக்கும் பெண்கள் கை தட்டினார்கள்.

துரை எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையசைத்தார். முகத்தில் கோபமே இல்லை. தோட்டத்துத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓடைக்கு ஒரு பதில், குழாய்க்கு ஒரு பதில் என்று அவள் அடுக்கிய மாதிரியே அடுக்கினார். ஒன்றுக்கும் யோசிக்கவில்லை.

"அப்புறம் அந்த வேலம்மா புள்ள. அது ஆஸ்பத்திரில கெடந்தது தண்ணியால இல்ல. பிரிஞ்சாங் பாசார்க் கடைல வாங்கித் தின்ன பண்டம்."

பாஞ்சாலை தான் பேசியதை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

வேலம்மாவின் பிள்ளையைப் பற்றி அவள் இந்தப் பந்தலில் பேசவே இல்லை. அடுப்படியில்தான் பேசினாள். இரண்டு தடவை.

துரை பூசாரியைப் பார்த்துத் தலையாட்டினார். பூசாரி மீதிப் பட்டை எடுத்துக்கொண்டு, மாடசாமிக் கங்காணி என்று உரக்கக் கூப்பிட்டார்.

பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தார். கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டை. அவளை உரசுகிற மாதிரித்தான் நடந்து போனார், திரும்பவில்லை. மருந்து பட்டுத் தோலுரிந்த கைகளைக் கூப்பிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தார்.

பெற்ற தகப்பனே விற்றுவிட்டார். அதுவும் அவள் வாயாலேயே சொல்லவைத்து. கை தட்டிய பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

பட்டு கட்டி முடிந்ததும் அப்பா நிமிர்ந்தார். அப்போதுதான் அவர் கண் அவள் மேல் பட்டது. எவனோ ஒருத்தன் என்று ருக்குமணி கேலி செய்த முகம். மூன்று வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளைப் பேசவைத்த முகம்.

பாஞ்சாலை அதிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே வேலம்மா வாயைப் பொத்தியிருந்த முந்தானையை விலக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் இன்னும் கையில்தான் இருந்தது. விழுங்கிய கதையை வேலம்மாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது.