தலையில விழுந்த பல்லி

எல்லாரும் சவுக்கியமாம்மா? அறுபத்தெட்டுல எங்க தெருவுல நடந்ததைக் கேளுங்க.

சின்னவன் தலையில பல்லி விழுந்துடுச்சுன்னு ரேணுகாம்பாள் அழுதா. "உசுருக்கே ஆவாதுங்க. வரதராஜர் கோவில் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வந்துடறோம்."

புருஷன் ஆதிகேசவன் குதிச்சாரு. "மேடையில நான் பகுத்தறிவு பேசிக்கினு கீறேன், நீ கோவிலுக்கா? போனா திரும்பி வராத!"

மறுநாள் அவரு தறிக்கு நூல் வாங்கப் போறேன்னு கெளம்பினதும், ரெண்டு பசங்களையும் இழுத்துக்கினு ஓடினா. அங்க மேக்கூரையில இருக்குற பல்லியைத் தொட வெச்ச ஏணி மேல, தலையில முக்காடு போட்ட ஆளு ஒருத்தரு தங்கப் பல்லியை ரெண்டு கையாலயும் தடவிக்கினு இருந்தாரு.

"அப்பா!"ன்னான் சின்னவன்.

முக்காடு நழுவிச்சு. "காலைல என் தலையிலயும் விழுந்துடுச்சுடி..."

பெரியவன் தம்பி காதுல சொன்னான்: "அப்பா மேல நாம போட்டது ரப்பர் பல்லின்னு உளறிடாதடா!"

உங்க வீட்டுப் பகுத்தறிவு எந்த ஏணியில ஏறுச்சு? எழுதிப் போடுங்கம்மா.