சும்மா வந்த பிரீமியம்

"ஆப்ஷனை வாங்குறவன் ஏமாளி, மாப்பிள்ளை. விக்கிறவன்தான் புத்திசாலி!"

பல் மருத்துவமனையின் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருந்தார் மச்சான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாக வேண்டும். ஊசி போட்டாகிவிட்டது, மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் ஆகாது. பங்குச்சந்தை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து யார் அகப்பட்டாலும் பாடம் நடத்தினார்.

டாக்டர் அவருடைய தங்கை கணவர். மருத்துவமனை இருந்த கட்டடம் மச்சானுக்குச் சொந்தம். எதிரில் ரயில் நிலையம் வரப்போகிறது என்றதும், ஒரு துணிக்கடைக்காரர் மூன்று மடங்கு விலை பேசிவிட்டார். மாப்பிள்ளை நல்லவர்தான், வாடகையும், எதற்கென்று மச்சானுக்கே மறந்துபோன இன்னும் கொஞ்சமும் மாதம் தவறாமல் கொடுப்பவர். தங்கை முகத்தை நினைத்தால் சங்கடமாகவும் இருந்தது. ஆனாலும் காலி செய்யச் சொல்லத்தான் வேண்டும். குறடு பிடிக்கிறவரிடம் அதைப் பல் வெளியே வந்த பிறகு சொல்வதே உத்தமம் என்று முடிவு செய்திருந்தார்.

"ஆப்ஷன்னா என்ன மச்சான்? எனக்கு ஒண்ணும் புரியல," என்றார் டாக்டர், கையுறையை மாட்டியபடி.

"ஒரு பங்கு இப்ப நூறுன்னு வெச்சுக்குங்க. 'ஒரு மாசத்துக்குள்ள எப்ப கேட்டாலும் இதே நூறுக்குக் குடுக்கணும்'னு ஒருத்தன் என்கிட்ட வாக்கு வாங்குறான். அந்த வாக்குக்கு அஞ்சு குடுக்குறான். அதுதான் பிரீமியம்."

"விலை ஏறலைன்னா?"

"அவன் ஏன் கேக்கப்போறான்? அஞ்சு எனக்குச் சும்மா வந்த காசு! பத்துல ஒன்பது தடவை அப்படித்தான்."

"பத்தாவது தடவை?"

மச்சானின் சுருதி சற்று இறங்கியது. "கிடுகிடுன்னு ஏறிடும். முந்நூறுக்குப் போறதை நூறுக்குத் தூக்கிக் குடுக்கணும். வாங்கினவனுக்குப் போனா அந்த அஞ்சோட போச்சு. வித்தவன் பாடுதான் திண்டாட்டம்."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"அதெப்படி? கேக்குறது அவன் உரிமை, குடுக்குறது இவன் கடமை. பிரீமியத்தை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு அப்புறம் கையை விரிச்சா அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கு தடித்தது. உதடு யாருடையதோ போலிருந்தது. டாக்டர் விளக்கைத் தாழ்த்தி, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்தார்.

"நல்லாப் புரிஞ்சுது மச்சான். நேத்து துணிக்கடைக்காரர் இங்க வந்து டேப்பு வெச்சு அளந்துட்டுப் போனாரு. அப்பவே உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி, 'அஞ்சு வருஷத்துக்குள்ள எப்ப கேட்டாலும் இந்தக் கட்டடத்தை இதே விலைக்குத் தரேன்'னு எனக்குப் பதிவு பண்ணிக் குடுத்தீங்களே... அதுக்காக வாடகைக்கு மேல மாசாமாசம் தனியாக் குடுக்குறேனே, அதுக்குப் பேருதான் பிரீமியமா?"

மச்சானின் கண்கள் விரிந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இப்ப கேக்குறேன் மச்சான். இன்னும் கொஞ்சம் பெரிசா ஆ காட்டுங்க," என்றார் டாக்டர்.