பையைக் கட்டிக் கொடுத்தவள்

"எம் புள்ள எங்க ஆயா?"

பறித்த தேயிலைக் கொழுந்தைப் பகல் நிறுவையில் கொடுத்துவிட்டு, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்த வேலாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலு வயது சண்முகவடிவைக் காணோம்.

"உன் நாத்தனா காளியாயி வந்து கூட்டிக்கிட்டுப் போச்சே. அத்தைதானேன்னு அனுப்பிட்டேன்," என்றாள் ஆயா.

வேலாயிக்கு நேற்றுச் சண்டையில் புருஷன் கந்தப்பன் கத்தியது ஞாபகம் வந்தது. "பிரஜா உரிமை இல்லாத நாட்டுல எனக்கென்ன வேலை? நான் இந்தியாவுக்குப் போறேன். நீ வராட்டி கெட. புள்ள என்னோட வரும்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடினாள். காளியாயி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"மதினி, புள்ள எங்க?"

"அவங்கப்பன்கிட்ட குடுத்தேன். பத்து மணி பஸ்ஸுல போயிட்டாங்க."

"எங்க?"

"தலைமன்னாருக்கு. கப்பலுக்கு."

"அவரு கேட்டா குடுத்துடுவீங்களா?"

"அவன் புள்ள. கேட்டான், குடுத்தேன். பையையும் கட்டிக் குடுத்தேன்." காளியாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வேலாயி போட்ட கூச்சலில் லயமே திரண்டுவிட்டது.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று பக்கத்துக் காம்பரா அழகம்மா காறித் துப்பினாள்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமி வேலாயியைப் பொலிசுக்கு அழைத்துப்போனார். பொலிஸ்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"என்னங்க சொல்றாரு?"

"அப்பன்தானே கூட்டிக்கிட்டுப் போயிருக்கான், இதுல களவு என்ன இருக்குன்னு கேக்குறாரும்மா."

அதன்பிறகு வேலாயி ஓரிடத்தில் உட்காரவில்லை. பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவாள். பஸ் போனதும் திரும்பி வருவாள். மறுபடி ஓடுவாள். அழகம்மா கஞ்சியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். மற்றப் பெண்கள் முறைவைத்து இரவில் அவளுக்குத் துணையாகப் படுத்தார்கள்.

காளியாயிக்கு மட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட யாரும் இடம் விடவில்லை.

நாலாம் நாள் பகல் பஸ்ஸில் கந்தப்பன் வந்து இறங்கினான். தோளில் பிள்ளை.

"அம்மா! நான் கடல் பாத்தேன்!"

வேலாயி பிள்ளையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கந்தப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் மதகில் உட்கார்ந்தான். "பாஸ்போட்டக் காணோம். கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டான். அதை எழுதிப் போட்டு வாங்கவே ரெண்டு வருசமாச்சு..."

வேலாயி பிள்ளையோடு நேரே காளியாயியின் காம்பராவுக்குள் நுழைந்தாள்.

"பாத்தீங்களா மதினி! நீங்க தூக்கிக் குடுத்தும் சாமி எம் புள்ளயத் திருப்பிக் குடுத்துடுச்சு!"

"மெதுவாப் பேசு." காளியாயி கதவைச் சாத்தினாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவள் கையில் வைத்தாள். "இதை நீயே அடுப்புல போடு."

கந்தப்பனின் பாஸ்போட்!

"பை கட்டறப்போ எடுத்துக்கிட்டேன். அது இருந்த துணியில பழைய அரிசிக் கூப்பன் புத்தகத்தைச் சுத்தி வச்சேன். நான் மாட்டேன்னிருந்தா, அவனே எல்லாத்தையும் பாத்து எடுத்துக்கிட்டு வேறொரு நாளைக்குப் புள்ளயத் தூக்கியிருப்பான்."

வேலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மதினி? நாலு நாளா செத்துப் பொழச்சேனே..."

"சொல்லியிருந்தா உம் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். லயம் பூரா அவன் கூட்டாளிங்க. நான்தான் எடுத்தேன்னு ஒருத்தன் தந்தி அடிச்சிருந்தாப் போதும், இங்க திரும்பாம புள்ளயோட கள்ளத்தோணி ஏறியிருப்பான்."

"சொந்தத் தம்பி மதினி. அவர ஏமாத்திட்டு, ஊரு பேச்சையும் வாங்கிக்கிட்டு... எதுக்கு?"

காளியாயி சண்முகவடிவின் தலையைத் தடவினாள்.

"எம் மவன் இந்தியாவுல படிக்கிறான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே, நான் அனுப்பல வேலாயி. கதிர்காமம் கோயிலுக்குப் போயிட்டு வர்றோம்னு சொல்லி அவங்கப்பன் கூட்டிக்கிட்டுப் போனான். பதினொரு வருசமாச்சு. ஒண்ணுமே தெரியாம, அன்னிக்குப் பையைக் கட்டிக் குடுத்தவளும் நான்தான்."