தோளுக்கு மாறிய வெறி

குடிவெறியை மூளைக்குள்ளேயே வேறொன்றுக்கு மாற்றிவிடும் சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. "எதுக்கு மாத்தணும்?" என்று டாக்டர் கேட்டபோது, லோடுமேன் சங்கிலி யோசிக்காமல் "மூட்டை தூக்குறதுக்கு" என்று சொல்லித் தொலைத்தான்.

அன்றுமுதல் பொழுது சாய்ந்தால் தோள் தினவெடுக்கும். எதையாவது தோளில் ஏற்றினால்தான் அடங்கும். கிரைண்டர், பீரோ, கட்டில் எல்லாம் வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்தன. "எங்கண்ணனப் பாருங்க. குடியத் தொட்டதுமில்ல, பீரோவத் தொட்டதுமில்ல" என்று திட்டி அவனை வெளியே விரட்டினாள் பெண்டாட்டி பேச்சி.

கொஞ்ச நாளில், அவன் சாயங்காலமானால் சாராயக்கடை வாசலில் நிற்பதாகத் தெருவே பேசியது. அங்கே ஓடினாள் பேச்சி. தோளில் ஒரு ஆளைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தான் சங்கிலி. முதல் வேலையாக அவன் வாயை மோந்து பார்த்தாள். வெறும் வெற்றிலை வாசம்தான்.

"விழுந்து கெடக்குறவங்கள வீட்ல கொண்டுபோய் எறக்குறேன். ஒவ்வொருத்தனும் நல்ல கனம்" என்றான் நிம்மதியாக.

"இது யாரு வீட்டு மூட்டை?"

"உங்கம்மா வீட்டுது."

தோளில் கிடந்த மூட்டை, தங்கச்சி குரலைக் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டது.